கிண்ணம் வராத வகுப்பு

தேயிலையின் சாயத்தைச் சுவைத்து அதன் தரத்தைக் கூறுதல் ஒரு தொழிலென்பதை நம் மாணவரிற் பலர் அறியார். கொழும்பில் 1883-ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சுவைஞரின் நாக்கே. வர்த்தகம் கற்பிக்கும் நாம் அவ்வித்தையைச் சிறிதாவது அறியவிரும்பிச் சென்ற விடுமுறையில் ஒரு பயிற்சி வகுப்பிற் சேர்ந்தோம். நடத்தியோரின் பெயர் ஈண்டு வேண்டியதில்லை.

பத்து நாள் வகுப்பு. ஏழு நாட்களும் திரையிற் படங்களே. ஜேம்ஸ் டெயிலர் 1867-இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட கதையை இருமுறை கேட்டோம். எட்டாம் நாள் 4 கிண்ணங்கள் வந்தன. கற்க வந்தோரோ 23 பேர்! ஆளுக்கு அரைக் கரண்டி கிடைத்தது.

முறை என்னவோ எளிதுதான். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை. 6 நிமிடம் ஊறவேண்டும். சக்கையின் நிறத்தையும் மணத்தையும் ஆராய்ந்தபின், சாயத்தைக் கரண்டியால் ஓசையெழ உறிஞ்சி, நாவெங்கும் பரவவிட்டு உமிழவேண்டும். (வீட்டில் இவ்வாறு உறிஞ்சினால் ஏச்சு விழும், அங்கே அதுவே இலக்கணம்.) ஆனால், ஆடி ஆவணியின் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்குத் தரும் மணத்தையும், தை மாசிக் குளிர் திம்புலத் தேயிலைக்குத் தரும் மணத்தையும் படம் உணர்த்துமா?

நமக்குப் போனது விடுமுறைப் பொழுது. பக்கத்திலிருந்த இளைஞனின் நிலை வேறு. தாய் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவர். கட்டணத்துக்காகக் காதுத்தோட்டை அடகு வைத்தவர். முறையிடலாமே என்றோம். "கேட்டா சேர்ட்டிபிக்கேட் குடுக்க மாட்டாங்க சேர்" என்று தயங்கினான்.

எனவே கடிதத்தை நாமே எழுதினோம். விளம்பரத்தில் ஆளுக்கு 60 கிண்ணம் என்றிருந்ததை எடுத்துக்காட்டிப் பணத்தைக் கேளாது கிண்ணங்களைக் கேட்டோம். 18 பேர் கையொப்பமிட்டனர். அவனும் கடைசியில் இட்டான். பன்னிரண்டு நாட்களின் பின் மறுமொழி வந்தது: மேலும் இரண்டு காலைப்பொழுதுகள், ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 12 கிண்ணம். சொன்னதிற் பாதிக்கும் குறைவே.

இரண்டாங் காலையில், ஏழாவது கிண்ணத்தை முகர்ந்ததும், "இது சூடு கூடிப் போன தேயில" என்றான் அவன். பயிற்றுநர் சக்கையைக் கிளறிப் பார்த்துத் தலையசைத்தார். அவனுடைய தகப்பனார் தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் பகுதியில் வேலை செய்தவராம்.

சான்றிதழ் சென்ற வாரம் வந்தது. தோடு இன்னும் மீளவில்லை.