நாவலடிக்குப் போகும் வழி

பூம்ப்ளிஸில் ஜூலை தொடங்கியதும் பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறைக்கு மூடப்படும். சில ஆண்டுகளில் இலங்கையில் கதிர்காம முருகன் கோயிலுக்குப் போகும் காட்டுப்பாதை திறப்பதும் அதையொட்டித்தான். 1919 வரை தனி ஊராக இருந்து பின் பேர்ன் நகரோடு சேர்ந்த இந்தப் பகுதியிலும் அதன் அயலிலும் ஈழத்தமிழர் பலர் வாழ்கிறார்கள். பக்கத்தில் ஐரோப்பா சதுக்கத்தில், 2014இல் திறக்கப்பட்ட பல்சமய இல்லத்தில் சிவன் கோயிலும் இருக்கிறது. ஆனாலும் கதிர்காமத்துக்கு நடந்து வருவதாக நேர்த்தி வைத்தவருக்கு அந்த மண்ணையே மிதித்தாக வேண்டும்.

வழி தொடங்குவது யாழ்ப்பாணத்தின் வடகரையில், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில். வைகாசியில் முருகனின் வேலாயுதத்தை முன்னே விட்டுப் புறப்படும் அடியார்கள் ஏறத்தாழ 50 நாள் நடக்கிறார்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரை முழுக்கக் கோயிலுக்குக் கோயில் தங்கல். போர் வடபகுதியை இந்த வழியிலிருந்து பல ஆண்டுகள் துண்டித்து வைத்திருந்தது. முன்பு படகுப்பாதைக்காகக் காத்து நின்ற கிண்ணியாவில் 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் வந்தது. ஊர்களில் வாசலில் குடத்தோடு நின்று அடியார்களின் காலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மோரும் சோறும் கொடுக்கிறார்கள். இந்த வழியில் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: சாமி. வைத்தியரும் சாமி, மூட்டை தூக்குபவரும் சாமி.

ஐம்பது நாள் விடுப்பு எந்த வேலையிலும் கிடைக்காது. அதனால் சுவிஸிலிருந்து போகும் நண்பர் குழுவுக்கு ஏற்றது கடைசிப் பங்கு, உகந்தை முருகன் கோயிலிலிருந்து ஐந்து நாள் அளவில் முடியும் காட்டுவழி. கடலோரப் பாறைமேல் நிற்கும் உகந்தைதான் ஊர்களுக்கும் காட்டுக்கும் எல்லை. ஆண்டில் இரண்டு வாரமளவே காட்டின் கதவு திறக்கும். பதிவு முடித்து, அரிசி, பருப்பு, கருவாட்டுக்கு இடமில்லாத சைவச் சாமான், தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு குமண வனத்துக்குள் இறங்குகிறார்கள்.

முதல் நாள் உற்சாகத்திலேயே போய்விடும். குமுக்கன் ஆறு வந்ததும் சொர்க்கம். கரையெல்லாம் பெரிய மருத மரங்கள். ஆற்றின் பெயரே அந்த மரத்துக்குச் சிங்களத்தில் உள்ள கும்புக் என்ற பெயரிலிருந்து வந்ததுதான். குளிப்பு, சமையல், பஜனை.

சோதனை அதற்கு அடுத்த நாள்தான்.

ஆற்றைக் கடந்தால் யால வனம். மருத நிழல் அங்கேயே நின்றுவிடுகிறது. முன்னால் முட்பற்றை, வெட்டவெளி, மாவாகப் பொடிந்த மணல். காலை ஒன்பது மணிக்குள் மணல் சுடத் தொடங்கும். செருப்பில்லாமல் நடப்பதாக நேர்ந்தவர் பாதத்தின் வெளி விளிம்பை ஊன்றி, புல் இருக்கும் ஓரமாகத் தாவித் தாவிப் போகிறார். கொப்புளம் உடைந்த இடத்தில் மணல் ஏறுகிறது. துணியைக் கிழித்துக் காலில் சுற்றினால் பத்து நிமிடத்தில் அது அவிழ்ந்து இழுபடுகிறது. பாதையில் யானை லத்தி. ஈரமாக இருந்தால் முன்னால் போகிறவர்கள் நின்று, பின்னால் வருபவர்களைச் சேர்த்துக்கொண்டு, “அரோகரா” என்று குரலை உயர்த்திப் போகிறார்கள்.

சுவிஸ் மலைப்பாதையில் மஞ்சள் பலகை இன்னும் எத்தனை மணி நேரம் என்று நிமிடக் கணக்கில் சொல்லும். கிராமத்து நீர்த்தொட்டியில் போத்தலை நிரப்பிக்கொள்ளலாம். இங்கே மரமும் ஆறுமே பலகை. நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். நாவல் மரத்தடியில் சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்டு ஔவையை மடக்கிய முருகனை நினைக்காமல் நாவலடி என்ற பெயரைச் சொல்ல முடியுமா?

“இன்னும் எவ்வளவு தூரம் சாமி?”

“கிட்டத்தான் சாமி, நடவுங்கோ.”

இந்தப் பதில் பொய்யென்று கேட்டவருக்கும் தெரியும். ஆனாலும் அதைக் கேட்டு எழுந்து நடப்பவர்களை இந்த வழியில் எங்கும் காணலாம். தண்ணீர்தான் உண்மையான கணக்கு. இப்போது பவுசர்களில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்; பவுசர் வராத இடத்தில் வறண்ட ஆற்றுப்படுகையில் ஊற்றுத் தோண்ட வேண்டும். முழங்கை ஆழம் கையால் மணலை வாரினால் முதலில் கலங்கல் ஊறும். அதை இறைத்து விட்டுக் காத்திருந்தால் தெளிவு வரும். சிரட்டையால் அள்ளி, வேட்டித் துணியில் வடித்து, இளையவருக்கும் வயதானவருக்கும் முதலில் கொடுக்கிறார்கள். நட்பு என்ன பொறுக்கும் என்பது அந்த ஒரு சிரட்டைத் தண்ணீரில் தெரிந்துவிடும். நடக்க முடியாதவரின் மூட்டையை மற்ற இருவர் சொல்லாமலே பிரித்து எடுத்துக்கொள்வதும் அந்த நாளில்தான்.

பிறகு வள்ளியம்மன் ஆறு வரும், கட்டகாமம் வரும், கடைசியில் மாணிக்க கங்கை. கதிர்காமச் சந்நிதியில் திரைக்குப் பின்னால் இருப்பது யாருக்கும் காட்டப்படுவதில்லை. கப்புறாளை எனப்படும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். தரிசனத்துக்கு முன்னால் ஆற்றில் இறங்குகிறார்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒருவர் கல்லில் உட்கார, கூட வந்தவர் அவருடைய காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஊசி முனையால் முள்ளைத் தேடுகிறார்.