முளை எத்தனை மில்லி?

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டை ஒட்டிய அந்த வெல்டிங் பட்டறை வாசலில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா கிடக்கிறது. வேலை செய்து செத்துப்போன கீல்களை அதில்தான் போடுகிறார்கள். டப்பா நிறைந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போகும். பட்டறைக்கார அண்ணன் லேத்திலிருந்து வரும்வரை பொழுதுபோகாமல் அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முளையை உருவ முடியவில்லை. அங்கிருந்த பையன் வாங்கி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி உருவிக் கொடுத்தான். இரண்டு முனையிலும் உருண்டையாக இருந்த முளை நடுவில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, வெட்டிப் பார்த்தால் தேய்பிறை நிலா மாதிரி இருக்கும் போலிருந்தது. தேய்ந்த பக்கம் வழவழவென்று மின்னியது. மறுபக்கம் துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

"தேஞ்ச பக்கந்தானுங்க கேட்டு இழுத்த பக்கம்," என்றான் பையன்.

நான் அங்கே போனதற்குக் காரணம் அக்கா. அவள் வீடு ஊட்டியைத் தாண்டித் தலைக்குந்தாவில். மார்கழி, தை மாதங்களில் விடிகாலையில் புல்வெளி உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும் ஊர் அது. அந்த மாதங்களில் அவள் வீட்டுக் கேட் காலையில் திறக்காது. மாமா தோளைக் கொடுத்து முட்ட வேண்டும். கோயமுத்தூரில் என் வீட்டுக் கேட்டுக்கு வேறு வியாதி. சித்திரை பிறந்தால் தாழ்ப்பாள் துளையில் சேராது. இரண்டு கேட்டுக்கும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி கீல் வாங்கியது நான்தான். அங்கே குளிரில் இரும்பு சுருங்குகிறது, இங்கே வெயிலில் விரிகிறது, ஆகவே இரண்டையும் தாங்குகிற கீல் ஒன்று எங்கோ இருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

அண்ணனிடம் அப்படியே கேட்டேன். அவர் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"கீலுக்கு வெயிலென்ன குளிரென்னங்கம்மணி? அதுக்குத் தண்ணிதானுங்க ஆகாது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தது இருக்கிறதே. அவர் வாதம் செய்யவில்லை, தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அப்பா மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போட்டவர். இரும்புப் பட்டாவை வறட்டி அடுக்கித் தீயில் சுட்டு, சிவந்ததும் மரச் சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்களாம். சூட்டில் அகலமான வளையம் குளிர்ந்ததும் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். "சூடு பண்ணா ஓட்டை சின்னதாகாதுங்க, பெருசாகும். முளையும் அதச் சுத்தியிருக்குற புஷ்ஷும் ஒரே இரும்பு. ரெண்டும் சேந்து விரியும், சேந்து சுருங்கும். அதுல எங்கீங்க இறுகும்?"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் இரும்பு 1 டிகிரி சூடேறினால் 0.012 மி.மீ. நீளும். 20 மி.மீ. பருமனுள்ள முளை 50 டிகிரி சூடேறினாலும் அதே 0.012 மி.மீ.தான் பருக்கும். தலைமுடியின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். என் கொள்கை அங்கேயே படுத்துவிட்டது.

கீலை விட்டுவிட்டுக் கேட்டைப் பார்த்தால் கதை வேறு. 10 அடி அகலக் கதவு, கறுப்பு பெயிண்ட், மே மாத நண்பகல். விடிகாலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் இரும்பு 40 டிகிரி ஏறினால் கதவு ஒன்றரை மி.மீ. நீளும். தகடு அடித்த கேட் என்றால் வெயில் படும் பக்கம் அதிகம் விரிந்து லேசாக வயிறு தள்ளும். அதனால்தான் பட்டறைக்காரர்கள் தாழ்ப்பாள் துளையை வட்டமாகப் போடுவதில்லை, நீளவாக்கில் அறுக்கிறார்கள். காலையில் அளவெடுத்து இடைவெளி விடாமல் மாட்டிய கேட் மத்தியானம் தூணை உரசும்.

என் வீட்டுக் கேட்டின் சித்திரைச் சீக்குக்கு அதுகூடக் காரணமில்லை என்பது பிறகு தெரிந்தது. அண்ணன் ஒரு நாள் கோயமுத்தூர் வந்தபோது கீலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தூக்குக் குண்டை எடுத்துத் தூணின் உச்சியிலிருந்து தொங்கவிட்டார். அடியில் நூலுக்கும் தூணுக்கும் நடுவே விரல் போயிற்று. எங்கள் பகுதி கரிசல் மண். மழையில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த ஆட்டத்தில் ஆழமில்லாத அஸ்திவாரத்தோடு தூண் சாய்ந்திருக்கிறது. ஐந்து வருடமாகக் கீலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா வீட்டுச் சங்கதிக்கு வருகிறேன். அவளுக்கு எது கிரீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய்தான். கதவு, தையல் மிஷின், கேட் எல்லாவற்றுக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைகிற சாமான். தலைக்குந்தாவில் தை மாதம் தலைக்கு வைப்பதற்கே பாட்டிலை அடுப்புப் பக்கம் வைத்து உருக்க வேண்டியிருக்கிறது. கீலுக்குள் விட்டது மட்டும் எண்ணெயாக இருக்குமா? உள்ளே மெழுகாகி, துருப்பொடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். இதைச் சொன்னபோது அண்ணனுக்கு அவர் அப்பாவின் வண்டி மை ஞாபகம் வந்தது. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து அச்சில் போடுவார்கள். விளக்கெண்ணெய் நம் ஊர்க் குளிர் எதற்கும் உறையாது. மலையேறி இறங்குகிற வண்டிக்காரர்கள் யாரும் படித்துத் தெரிந்துகொண்டதில்லை அதை.

ஆனால் எண்ணெயைவிடப் பெரிய குற்றவாளி பனி. ராத்திரி பூஜ்யத்தை ஒட்டி இறங்குகிற இரும்பின் மேல் விடியலில் ஈரம் படிகிறது. வெயில் ஏறினால் காய்கிறது. மறுநாள் மறுபடியும். தென்மேற்குப் பருவத்திலும் மழை, வடகிழக்குப் பருவத்திலும் மழை என்று இரண்டையும் வாங்குகிற மலை வேறு. நான் வாங்கிய கீலில் முளை மேலிருந்து கீழே இறங்குகிற அமைப்பு. கீழே இருந்த கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. உறைபனி இரவில் அது கட்டியானால் நீராக இருந்ததைவிட ஏறக்குறைய 9 சதவீதம் அதிக இடம் கேட்கும். உறையாத நாளிலும் உள்ளே நின்று துருவேற்றும்.

"தலைகீழாப் போட்டுட்டாங்க," என்றார் அண்ணன். மேசையில் இரும்புச் சீவல்களைக் கையால் ஒதுக்கி ஒரு கீலை நிமிர்த்தி வைத்தார். தூணில் பற்றவைக்கிற பாதியில் முளை மேல்நோக்கி நிற்க வேண்டும். கதவில் பற்றவைக்கிற பாதி, மேல்வாய் மூடிய குழாய், அதன்மேல் தொப்பி மாதிரி கவிழ வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு பித்தளை வாஷர். கனத்தைத் தாங்குவது அந்த வாஷர்தான். தேய்ந்தால் கதவைத் தூக்கி வாஷரை மாற்றிவிடலாம். கீலை அறுக்க வேண்டாம். கடையில் நான் வாங்கிய அதே புல்லட் கீலைக்கூட இப்படி நேராகப் போட்டிருந்தால் இன்னும் சில வருடம் ஓடியிருக்கும் என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது. கவிழ்த்து வைக்கிற கீலில் ஒரு ஆபத்து, யாரும் கேட்டைத் தூக்கிக் கழற்றிக்கொண்டு போகலாம். அதைத் தடுக்க, மேல் கீலின் தலைக்கு மேலே ஒரு துண்டு இரும்பைப் பற்றவைத்து விடுகிறார்கள்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டால் துருவே பிடிக்காதே என்றேன். எஸ்.எஸ். முளைக்கு எஸ்.எஸ். புஷ் போட்டால் கனத்தில் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு திருகி நின்றுவிடுமாம். எஸ்.எஸ். முளை, பித்தளை புஷ் என்றால் சரி. முலாம் பூசிய கீலைக் கேட்டேன். அவர் இரண்டு ரகத்தைக் காட்டினார். ஒன்று கண்ணாடி போலப் பளபளப்பு. மின்சாரத்தில் பூசியது, பூச்சு மிக மெல்லிசு. இன்னொன்று சாம்பல் நிறம், பார்க்க அழகில்லை. சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. பூச்சு பல மடங்கு தடிமன். கடையில் நாம் எதை எடுப்போம் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தச் சாம்பல் கீலைப் பற்றவைக்கும்போது வெள்ளைப் புகை கிளம்பியது. பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வேலை செய்த அன்று ராத்திரி குளிர் நடுக்கி ஜுரம் வரும், காலையில் போய்விடும் என்று சாதாரணமாகச் சொன்னான். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் வருகிற காய்ச்சல் அது. பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பற்றவைக்கிற இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், முகமூடி போட்டு வேலை செய்வதுதான் வழி. பூச்சைத் தேய்க்க ஆகும் நேரத்துக்கு யார் கூலி தருகிறார்கள்?

கூலி என்றதும் கணக்கு ஞாபகம் வருகிறது. நம் ஊரில் கேட் கிலோ கணக்கில் விற்கிறது. பூ டிசைன், ஈட்டி முனை, மயில் எல்லாம் கிலோவை ஏற்றும். கேட்டில் மிகக் குறைந்த எடையுள்ள உருப்படி கீல். அதில் அரை நாள் செலவழித்தாலும் தராசில் ஏறாது. ஆகவே கீலில் கை வைக்கிறார்கள். ஆனால் 100 கிலோ கேட், 3 மீட்டர் அகலம், கீல்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி என்றால், மேல் கீலைத் தூணிலிருந்து பிடுங்க இழுக்கும் விசை 100 கிலோ. இடைவெளியை ஒரு மீட்டராகக் குறைத்தால் 150 கிலோ. கேட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு குழந்தைகள் ஊஞ்சலாடுவது இந்தக் கணக்குக்கு மேல். தூண் உயரம் விடுகிற அளவுக்குக் கீல்களைத் தள்ளித் தள்ளிப் போடச் சொல்கிறார் அண்ணன்.

அவர் கீல் வைப்பதை ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கதவைத் தரையில் படுக்கப் போட்டு, மூன்று கீலின் மையத்திலும் ஒரே நூலை இழுத்துக் கட்டினார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நூல் வழியே பார்த்தார், நடுக் கீலை நகத்தளவு நகர்த்தினார், மறுபடி பார்த்தார். மூன்றும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் எவ்வளவு கிரீஸ் அடைத்தாலும் கதவு முரண்டு பிடிக்கும். பிறகு டேக். ஒரு பக்கம் ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு. ஒரே பக்கமாக ராடை ஓட்டினால் ஆறும்போது வெல்டிங் சுருங்கிக் கீலைத் தன் பக்கம் இழுத்துவிடும். சூட்டில் குழாய் கோணிக்கொள்ளாதபடி முளையை உள்ளேயே விட்டு, ஒவ்வொரு பொட்டுக்கும் அதைச் சுழற்றிப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியை இறக்காமல் பையன் ஒரு பொட்டு வைத்ததற்கு அன்று நான் கேட்ட ஒரே வசவு கிடைத்தது. "ராத்திரி கண்ணுல மண்ணள்ளிப் போட்டாப்புல இருக்கும்டா, அப்பத் தெரியும்!"

குட்டியானையில் கீல்களையும் வெல்டிங் மிஷினையும் ஏற்றிக்கொண்டு மலையேறினோம். 300 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே. பர்லியாரில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்த பையன் குன்னூரில் மூடினான். கிரீஸ் டப்பா மடியில் இருந்தது. கீழே விரலால் வழித்தால் வந்த கிரீஸ், தலைக்குந்தாவில் குச்சியால் தோண்டும்படி ஆகியிருந்தது. அதனால் அங்கே கெட்டி ரகம் வேண்டாம், தண்ணீருக்குக் கரையாத இளக்கமான ரகம் போதும் என்றார். என் வீட்டுக்கு எதிர்மாறு. வெயிலில் இளகி ஒழுகுகிற கிரீஸில் ரோட்டுப் புழுதி ஒட்டி உப்புத்தாள் மாதிரி முளையை அறுக்கும். கெட்டியான லித்தியம் கிரீஸ், அதுவும் துடைத்துவிட்டு மெல்லிசாக.

மாமா கேட்டைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "காட்டெருமை வந்து முட்டுனா தாங்குமா?" என்று கேட்டார். அந்த ஊரில் அது வேடிக்கைக் கேள்வி இல்லை.

"அதுக்குக் கீல் இல்லீங்க, கும்புடு போட்டுட்டு வழிய விடோணும்," என்றார் அண்ணன்.

இது நடந்து ஒரு தை போய்விட்டது. அக்கா வீட்டுக் கேட்டுக்கு 20 மி.மீ. எஸ்.எஸ். முளை, பித்தளை புஷ், கிரீஸ் அடிக்க ஒரு நிப்பிள். என் வீட்டில் தூணைத் தோண்டி எடுத்து, ஆழமாக அஸ்திவாரம் போட்டு நட்டோம். கீல் பழசுதான், நேராக்கி வைத்தது. நீங்கள் கேட் செய்யக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கிலோ என்ன விலை என்று கேட்கும் முன் முளை எத்தனை மில்லி என்று கேளுங்கள். மழைக்காலத்துக்கு முன் வைகாசியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை கிரீஸ் அடியுங்கள். தேங்காய் எண்ணெய் தலைக்கு இருக்கட்டும்.