குடை பிடிக்கும் காடு!

காடு என்றால் அடர்த்தி, இருட்டு, ஈரம்... இப்படித்தானே நினைப்போம்? ஏமன் நாட்டுக்குச் சொந்தமான சொகோத்ரா தீவில் இருக்கும் ஃபிர்மிஹின் காடு அப்படி இருக்காது. காய்ந்த பாறை மேட்டில் ஆயிரக்கணக்கான குடைகளை விரித்து நட்டுவைத்தது போலிருக்கும்.

இவை 'டிராகன் ரத்த மரங்கள்'. பட்டையைக் கீறினால் ரத்தச் சிவப்பில் பிசின் கசியும். பழங்காலத்திலிருந்தே மருந்துக்கும் சாயத்துக்கும் கப்பலேறிய சரக்கு அது. நம் வீட்டு வரவேற்பறைத் தொட்டியில் வளரும் டிரசீனா செடிக்கு இந்த மரம் நெருங்கிய சொந்தம் என்றால் நம்புவீர்களா?

குடை வடிவம் சும்மா அழகுக்கு இல்லை. இங்கே மழை குறைவு. ஆனால், கடலிலிருந்து வரும் மூடுபனி மேட்டைத் தழுவும். வாள் போன்ற இலைகளில் படியும் பனி, துளித்துளியாகச் சேர்ந்து கிளை வழியே வேருக்கு இறங்குகிறது. இறங்கிய ஈரம் வெயிலில் காய்ந்துவிடாமல் குடையின் நிழல் காக்கிறது. அந்த நிழலில்தான் இளங்கன்றுகளும் பிழைக்கும்.

2008-ல் யுனெஸ்கோ இந்தத் தீவுக்கூட்டத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனாலும் கவலை தீரவில்லை. ஃபிர்மிஹினில் நிற்பவை பெரும்பாலும் முதிய மரங்கள். முளைத்து வரும் கன்றுகளை ஆடுகள் மேய்ந்துவிடுகின்றன. 2015 நவம்பரில் சபாலா, மேக் என இரண்டு புயல்கள் ஒரே வாரத்தில் தாக்கியதில் ஏராளமான மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஒரு மரம் விழுந்தால், அது பிடித்துத் தந்த பனிநீரும் அடுத்த தலைமுறைக்கான நிழலும் சேர்ந்தே போய்விடுகின்றன.

'ஆடுகளை விரட்டிவிட்டால் போச்சு' என்று சொல்லிவிடவும் முடியாது. தீவு மக்களுக்குப் பாலும் இறைச்சியும் வருமானமும் அவைதான். அதனால் வேலி போட்டு, உள்ளே நாற்றங்கால் அமைத்துக் கன்றுகளை வளர்க்கிறார்கள் சிலர். ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தை ஒரு கன்று தொடுவதற்கே பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை வேலியைப் பழுது பார்க்க ஆள் வேண்டும்.

இன்று தண்ணீர் ஊற்றுகிறவர் அந்தக் குடையின் நிழலில் உட்காரப்போவதில்லை. பேரப்பிள்ளைகள் உட்காரலாம்... வேலி நின்றால்!