சுண்ணாம்பும் பவளமும்

'லுணு' என்றால் சிங்களத்தில் உப்பு. பெயரில் உப்பிருந்தும் எங்கள் லுணுகலைக்குக் கடல் வெகுதூரம். ஆயினும் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பைக் காணுந்தோறும் நாம் கடலை நினைக்கிறோம். இலங்கையின் தென்மேற்குக் கரையில் நெடுங்காலம் பவளப்பாறையை வெட்டிச் சூளையிற் சுட்டன்றோ சுண்ணாம்பு செய்தார்கள்!

பவளப்பாறை வெறுங்கல்லன்று, கடல்நீரின் கல்சியத்தை எடுத்துச் சிற்றுயிர்கள் கட்டிய வீடு. கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியம் உண்டு. கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்போருக்கு அது குறைந்துகொண்டே போகும். அதை ஈடுசெய்ய அவர்களுட் பலர் நாடுவதும் சுண்ணாம்பையே! வெற்றிலைச் சுண்ணாம்பு ஆகாது, தூயது வேண்டும். ஆவியாகிய நீருக்குப் பதிலாகத் தெளிந்த சுண்ணாம்பு நீரை இராவேளையில் துளித்துளியாக விடுவர். இரவில் உயிர்கள் விடும் காபனீரொட்சைட்டால் நீரின் காரத்தன்மை இறங்கும். சுண்ணாம்பு அதை நிமிர்த்தும். அவசரப்பட்டு ஊற்றினாலோ காரம் மிகுந்து பவளம் மாளும்.

பெருங்கடலிலும் அதே வாயு கரைகிறது. தொழிற்புரட்சிக்குப் பின் கடல்நீரின் பீ.எச். அளவு 8.2இலிருந்து 8.1 ஆயிற்று, அமிலத்தன்மையில் இது கால்பங்கு ஏற்றம். போதாக்குறைக்கு 1998இல் கடல் சூடேறி, ஹிக்கடுவைப் பவளங்களிற் பெரும்பாலானவை வெளிறின. கடலுக்கும் சுண்ணாம்பு கரைக்கலாமே என்பார் மாணவர். சூளையிற் சுடும்போதே அந்த வாயுவும் வெளியேறுகிறதே!