காலாண்டு ரிசல்ட் வந்த வாரம்

அன்புள்ள கயல்,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினால் சித்திக்குத் தெரியாது என்று நினைப்பா? ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் வரவில்லை என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாயே, அதே குரல். போன் போட்டால் "சரி சித்தி, சரி சித்தி" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் பாதிப் பேர் பெயில். அதற்காக மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் உன்னை எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் உன் கைக்கு வந்ததே ஜூனில்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன வகுத்தலுக்கு நீ எப்படிப் பொறுப்பு? இது கேட்டவருக்கும் தெரியும். அவரை மேலே ஒருவர் கேட்கிறார், அவரை அதற்கும் மேலே இன்னொருவர். பழகிக்கொள் என்று சொல்லமாட்டேன், எனக்கே இன்னும் பழகவில்லை. ஆனால் அதற்காக ராத்திரி சாப்பிடாமல் படுப்பது அசட்டுத்தனம். சாப்பிடு.

"வடிவியலும் வரைபடமும் மட்டும் போட்டுப் போட்டுப் பாஸ் பண்ண வைக்கிறதுக்குப் பேர் பாடம் நடத்துறதா?" என்று கேட்டிருந்தாய். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் தலா 8 மதிப்பெண். 16 அங்கேயே வந்துவிடும். ஒரு மதிப்பெண் கேள்வி 14 இருக்கிறது, புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினவனுக்கு அதில் பாதியாவது கிடைக்கும். மிச்சத்துக்கு நாலைந்து இரண்டு மார்க், ஒரு ஐந்து மார்க். 35 தாண்டிவிடலாம். பத்தாவது பெயில் என்றால் அடுத்த மாதமே மில் வேலைக்குக் கூட்டிப்போகிற வேன் வாசலில் வந்து நிற்கிற ஊரில் இருக்கிறாய். அந்தப் பெண்களை முதலில் பிளஸ் ஒன்னுக்குள் தள்ளு, தத்துவத்தை அப்புறம் பேசலாம். காம்பஸ் முள் மழுங்கிப்போயிருக்கும், பென்சில் கட்டையாக இருக்கும். அதையெல்லாம் இப்போதே பார்த்துவிடு. தொடுகோடு வரைய வருகிற பாதிப் பேருக்கு மார்க் போவது அங்கேதான்.

ஆனால் அதோடு நின்றுவிடாதே. போன மாதம் என் வகுப்பில் ஒரு பையன் 3/4 + 1/2 = 4/6 என்று போட்டிருந்தான். மேலே மேலே கூட்டினான், கீழே கீழே கூட்டினான், அவன் கணக்கில் அது நியாயம்தான். சனி, ஞாயிறில் மளிகைக்கடையில் பொட்டலம் மடிக்கிறவன் அவன். "முக்கால் கிலோ பருப்பு, அதோட ஒரு அரை கிலோ. மொத்தம் எவ்வளவுடா?" என்றேன். யோசிக்கவே இல்லை. "ஒண்ணேகால், டீச்சர்." "சரி, நீ எழுதினது ஆறில் நாலு. அது முக்காலை விடப் பெரிசா, சின்னதா?" நோட்டை எடுத்தான், கோடு போட்டுப் பார்த்தான். ரொம்ப நேரம் கழித்து, "சின்னது டீச்சர்... அப்போ பருப்பு எங்க போச்சு?" என்று அவனே கேட்டு அவனே சிரித்தான். அடுத்த வாரம் அதே தப்பைத் திரும்பவும் செய்தான், அது வேறு விஷயம். ஆனால் இந்தத் தடவை விடையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான். எந்த ரிஜிஸ்டரிலும் இதை எழுத இடம் கிடையாது. எமிஸ் இணையதளத்தில் ஏற்ற ஆயிரம் விவரம் கேட்கிறார்கள், இதைக் கேட்க மாட்டார்கள்.

அறிவியல் விஷயத்தில்தான் எனக்கு உன்மேல் கோபம். செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. ரெக்கார்டை ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி எழுதுகிறாள் என்று நீயே சொல்கிறாய், ஆய்வக அலமாரிச் சாவி இன்னும் வாங்கவில்லை என்றும் சொல்கிறாய். பீக்கர் உடைந்தால் யார் பதில் சொல்வது என்று சாவி வைத்திருப்பவர்கள் பயப்படுவார்கள். நீயும் சேர்ந்து பயப்படாதே. வேறொன்றும் வேண்டாம், ஒரு குவிலென்சை எடுத்துக்கொண்டு வகுப்பறைக் கதவோரம் போ. வெளியே வெயிலில் நிற்கிற மரத்துக்கு நேராகப் பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைத்தாளை முன்னும் பின்னும் நகர்த்தச் சொல். மங்கலாக இருப்பது சட்டென்று தெளிந்து, மரம் தலைகீழாகத் தாளில் விழும். அங்கே ஸ்கேலை வைத்தால் குவியத்தூரம் ஏறக்குறைய கிடைத்துவிடும். கடைசி பெஞ்ச் எல்லாம் எழுந்து ஓடி வரும், பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து சத்தம் போடுவார், போட்டுவிட்டுப் போகட்டும். எனக்கு இந்த வேலை அலுக்காமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் பிள்ளைகளின் அந்தச் சத்தம்தான்.

இலையில் ஸ்டார்ச் சோதனை செய்யும்போது மட்டும் ஜாக்கிரதை. ஆல்கஹாலை நேராகத் தீயில் காட்டிவிடாதே, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும். உன் அவசர புத்தி எனக்குத் தெரியும்.

இன்னொன்று. எட்டாம் வகுப்பில் துருதுருவென்று நாலு பேராவது இருப்பார்கள். அவர்களை என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய். தேறிவிட்டால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் வருஷம் 12,000 ரூபாய் பிள்ளையின் கணக்கிலேயே விழும். படிப்பை நிறுத்த நினைக்கிற அப்பாவிடம் நீ பேசுகிற பேச்சைவிட அது நன்றாகப் பேசும்.

இங்கே எல்லாரும் சுகம். சித்தப்பாவுக்கு முழங்கால் வலி, டாக்டரிடம் வாயேன் என்றால் காது கேட்காது. தீபாவளிக்கு வரும்போது பெற்றோர் கையெழுத்தோடு திரும்பி வந்த விடைத்தாள்களில் ரொம்ப மோசமானதாகப் பார்த்துக் கொஞ்சம் எடுத்து வா. எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம். முறுக்கு பிழிகிற வேலையிலிருந்து தப்பிக்க உனக்கும் ஒரு சாக்கு ஆயிற்று. நீ அழுதது அக்காவுக்குத் தெரியாது, நானும் சொல்லப்போவதில்லை. நீயாக உளறாமல் இரு.

அன்புடன்,
சித்தி