கரித்துகளும் காதும்

காது மந்தமானவர்களிடம் நாம் உரக்கப் பேசுகிறோம். ஒலி பெரிதானால் பொருளும் தானாகப் போய்ச் சேரும் என்பது நமது நம்பிக்கை. முதல் மின்சாரச் செவித்துணைக் கருவிகளும் ஏறக்குறைய இந்த நம்பிக்கையின் மீதே எழுந்தவை.

அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மில்லர் ரீஸ் ஹட்சிசன் 1890களின் இறுதியில் 'அக்கூஃபோன்' என்ற கருவியை உருவாக்கினார். அதன் திருந்திய வடிவம் 1902 வாக்கில் 'அக்கூஸ்டிகான்' என்ற பெயரில் வெளிவந்தது. செவிக்குறை கொண்டிருந்த பிரிட்டிஷ் அரசி அலெக்சாண்ட்ராவும் அவருடைய கருவியைப் பயன்படுத்தியவர்.

அதன் உத்தி தொலைபேசியிலிருந்து வந்தது. ஒரு மெல்லிய தகடு; அதன் பின்னே கரித்துகள் அடைத்த சிறு கிண்ணம். குரல் தகட்டை அழுத்துகையில் துகள்கள் நெருங்கி மின்தடை குறைகிறது. தகடு தளர்கையில் கூடுகிறது. பேட்டரியின் மின்னோட்டம் அதற்கேற்ப ஏறி இறங்கி, காதருகே உள்ள காந்தக் கருவியின் தகட்டை அதிரச் செய்கிறது. அதற்கு முந்தைய செவிக்குழல்கள் பேசுபவரின் குரலைத் திரட்டித் தந்தன. இங்கோ பேட்டரியின் வலுவும் குரலுடன் சேர்ந்துகொண்டது.

கரித்துகளின் குணம் நமக்குப் பழக்கமானதுதான். பழைய கறுப்புத் தொலைபேசியில் பேசும்போது, எதிர்முனையில் 'கேட்கவில்லை' என்றால் ரிசீவரை உள்ளங்கையில் தட்டிவிட்டுத் தொடர்ந்திருக்கிறோம். இறுகிய துகள்கள் அந்தத் தட்டலில் நெகிழ்ந்துகொடுக்கும். செவித்துணைக் கருவியிலும் அதே துகள்கள் இரைந்தன, கரகரத்தன. மேலும், அவை கடத்திய ஒலிகளின் வீச்சு குறுகியது. உயிரொலிகள் உரக்க வந்து சேர்ந்தன; சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் ச, த போன்ற மெல்லிய மெய்யொலிகள் வழியிலேயே மங்கின. செவித்திறன் பெரிதும் இழந்தவர்களுக்கு அக்கருவியால் பயன் குறைவு.

எங்கள் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர் கல்யாண வீடுகளில் தமது நவீனக் கருவியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடுவார். கேட்டால், "பாத்திரம் உருள்றதுதான் நல்லாக் கேக்குது, நீங்க பேசறது கேக்கல" என்பார். ஹட்சிசன் காலத்துக் குறை முற்றிலும் தீரவில்லை என்பதை அந்த ஒரு வாக்கியம் நமக்கு உணர்த்திவிடுகிறது.

1920களில் வெற்றிடக் குழாய் வந்து ஒலியைப் பன்மடங்கு பெருக்கியது; 1950களில் டிரான்சிஸ்டர் கருவியைச் சுருக்கியது. ஆயினும் பெரியம்மாவுடன் பேச விரும்புகிறவர், பந்தியின் இரைச்சலிலிருந்து அவரைத் திண்ணைக்கு அழைத்துவந்து, எதிரே அமர்ந்து, நிதானமாகப் பேசத்தான் வேண்டியிருக்கிறது. அப்போது அவர் கருவியை எடுத்து மாட்டிக்கொள்கிறார்.