ஸ்டார் வார்ஸை எங்கிருந்து தொடங்குவது?

அம்பாங்கானில் அக்கா வீட்டுக்குப் போனாலே அவள் மகன் பிடித்துக்கொள்கிறான்: "மாமா, ஸ்டார் வார்ஸ் எதுல ஆரம்பிக்கணும், சொல்லுங்க லா." எந்திரன் முடித்து 2.0 பார்த்தவனுக்கு, நான்காம் பாகம் முதலில் வந்த கதை தலைசுற்றல்தான்.

1977 படத்தில் தொடங்கு என்பேன். அது முதலில் திரைக்கு வந்தபோது 'நான்காம் பாகம்' என்ற எண்ணே கிடையாது. 1981 மறுவெளியீட்டில்தான் ஒட்டினார்கள். தொடக்கக் காட்சியில் ஒரு சின்னக் கப்பல் தப்பி ஓடும். துரத்தும் கப்பல் நம் தலைக்கு மேலே நுழையும், நுழைந்துகொண்டே இருக்கும், முடியவே முடியாது. யார் கை ஓங்கியிருக்கிறது என்று வசனமே இல்லாமல் புரிந்துவிடும்.

பிறகு 1980, 1983 படங்கள். அதற்கப்புறம்தான் 1999, 2002, 2005 முன்கதைகள். எண் வரிசைப்படி போனால் 1980 படத்தில் டார்த் வேடர் உடைக்கும் ரகசியம் புஸ்ஸாகிவிடும். (என்ன ரகசியம் என்று யாரும் இங்கே உளறிவிடாதீர்கள், பையன் படிப்பான்.)

4, 5, 2, 3, 6 என்று பார்க்கிறவர்களும் உண்டு. முதல் பாகத்தைத் தூக்கியே போட்டுவிடுவார்கள். ரகசியம் பத்திரம்தான், ஆனால் அதில் வரும் பாட் ரேஸை ஒரு பொடியனிடமிருந்து பறிக்க எனக்கு மனசில்லை.

ரோக் ஒன் (2016) 1977 கதைக்குச் சற்று முன்னால் நடப்பது. அதற்கும் முன்கதை ஆண்டோர் தொடர். அருமையானது, ஆனால் நிதானமாக நகரும், பெரியவர்கள் பார்க்கட்டும். 2015 முதல் வந்த கடைசி மூன்றும்? பள்ளி விடுமுறை மிச்சமிருந்தால் பார்க்கலாம்.